ஃப்ரீ கிளினிக்குக்குக் கையெழுத்து வாங்க மட்டும் போகாதீர்கள்

மெடிக்கல் படிக்கிறீர்கள். செர்டாங் யுபிஎம்-மோ, புக்கிட் ஜாலில் ஐஎம்யு-வோ, ரூம் வாடகை ஸ்ரீ கெம்பாங்கானில். ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாமுக்கு ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது. போங்கள். சிவியில் ஒரு வரி சேரட்டும் என்று போனாலும் தப்பில்லை. 2016 டிசம்பரில் அரசு டாக்டர்களுக்குக் கான்ட்ராக்ட் முறை வந்த பிறகு நிரந்தர இடத்துக்குப் போட்டி எவ்வளவு கடுமை என்பதை 2021 ஜூலை 26 அன்று கான்ட்ராக்ட் டாக்டர்கள் நடத்திய ஹர்த்தாலில் நாடே பார்த்தது. ஆனால் அந்த ஒரு வரி உங்கள் பேட்ச்சில் பாதிப் பேரிடம் இருக்கும். ஏழை நோயாளியிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஹவுஸ்மேன்தான் அபூர்வம்.

படிக்கப் படிக்க அந்தக் குணம் தேய்கிறது என்பதுதான் கவலை. வசதியற்றவர்களுக்குச் சிகிச்சை தருவதில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இருந்த அளவு ஆர்வம் இறுதியாண்டு மாணவர்களிடம் இல்லை என்று 1993-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பரிவு சரியத் தொடங்குவது மூன்றாம் ஆண்டில் என்று 2009-இல் ஃபிலடெல்ஃபியா ஜெஃபர்சன் கல்லூரி ஆய்வு காட்டியது. வார்டுக்குள் நுழையும் நேரம் அது! தூக்கமில்லாமல் ஓடும்போது, 'மருந்தே சாப்பிடாத பேஷண்ட்' என்று சீனியர் சலித்துக்கொள்வது நம் வாயிலும் ஒட்டிக்கொள்கிறது. ஃப்ரீ கிளினிக் இதை மாற்றும், அங்கே சரியாக வேலை செய்தால்.

1. திட்டுவதற்கு முன் கேளுங்கள். செக்யூரிட்டி யூனிஃபார்மிலேயே வந்து உட்காரும் அங்கிளுக்கு விரலில் குத்திப் பார்க்கிறீர்கள், சுகர் 16. "ஏன் அங்கிள் மருந்து எடுக்கலை?" என்றால் தலையைக் குனிந்துகொள்வார். "கிளினிக் போற அன்னைக்கு வேலை என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அரசு கிளினிக் கெசிஹாத்தானில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், கிராப் காசு தனி, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் சாப்பாட்டு நேரமே நிலையில்லை என்பார். இப்போது பிரச்சினை அவருடைய அலட்சியம் இல்லை, அப்பாயின்ட்மென்ட் நாள். அதைத் தீர்க்க முடியும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. வேலையைப் பற்றிய அந்தக் கேள்வி ஆயுள் முழுக்க உங்களுக்கு உதவும்.

2. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஐந்து முகாமில் ஐந்து செல்ஃபி எடுப்பதைவிட, ஒரே பாட்டியின் பிரஷர் ரீடிங்கை மாதாமாதம் எழுதுவது மேல். மனம் மாறுவது இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில்தான்.

3. அவர்கள் சொல்லில் பேசுங்கள். டயபெட்டீஸ் வேண்டாம், தமிழருக்கு இனிப்புநீர், மலாய்க்காரருக்குக் கென்சிங் மானிஸ். பாசார் போரோங் பக்கம் முகாம் என்றால் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் ரோஹிங்யாக்களும் வருவார்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆரின் கார்டு இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டினர் கட்டணத்தில் பாதி. அதுவே பலருக்குக் கட்டுப்படியாகாது. இது தெரிந்தால், 'ஏன் இவ்வளவு லேட்டாக வந்தீர்கள்' என்ற கேள்வி உங்கள் நாக்கில் வராது.

4. எல்லை தாண்டாதீர்கள். நீங்கள் இன்னும் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றச் சொல்வது பொறுப்பு டாக்டரின் வேலை. ஏழை என்பதால் கற்றுக்குட்டியின் கை போதும் என்று நினைப்பது அநியாயம்.

5. வீடு திரும்பியதும் நாலு வரி எழுதுங்கள்: என்ன நினைத்துப் போனேன், எது தப்பாக இருந்தது. பெயர், போட்டோ கூடாது. இன்டர்வியூவில் "சமூக சேவை செய்தேன்" என்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஒரு நோயாளியின் அப்பாயின்ட்மென்ட்டை அவர் ஓய்வு நாளுக்கு மாற்ற என்ன செய்தீர்கள் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். ரெஃபரன்ஸ் கடிதத்தையும் நீங்கள் நோயாளியோடு பேசுவதைப் பார்த்த டாக்டரிடமே, அவருக்கு உங்கள் முகம் மறக்கும் முன் கேட்டு வாங்குங்கள்.