மலத்தொட்டி: வீட்டுக்காரர் அறிய வேண்டியவை

கடைக்குச் சரக்கு வந்தால் எண்ணிப் பார்த்து இறக்குகிறோம். இரவில் கல்லாக் கணக்கை ஒருதரம் பார்க்காமல் உறங்குவதில்லை. ஆனால், அரும்பாடுபட்டு வாங்கிய வீட்டின் பின்புறத்தில், சிமெண்ட் மூடிக்குக் கீழே என்ன நடக்கிறதென்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சிலருக்கு அந்த மூடி இருக்குமிடமே தெரியாது. அருவருப்பான விஷயமென்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மூத்த அங்கத்தினர்களுக்கு வாளிக் கக்கூஸ் நினைவிருக்கும். கடைவீடுகளின் பின்சந்து வழியே தொழிலாளி வந்து, சிறு கதவைத் திறந்து வாளியை எடுத்துச் செல்வார். சிங்கப்பூரில் அம்முறை 1987 ஜனவரியில் முற்றாக நின்றது. இன்று அங்கே கழிவுநீர் பாதாளக் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. மலேசியாவில் புதிய தாமான்கள் பலவற்றுக்கு அவ்வசதி உண்டு. பழைய தாமான்களிலும் கம்பங்களிலும் இன்னமும் பல வீடுகளுக்குத் தனித்தனித் தொட்டிதான்.

அதன் வேலை எளிது. கழிவு உள்ளே வந்து தேங்கியதும் கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப்பசையும் நுரையும் பாலாடைபோல் மேலே மிதக்கின்றன. நடுவிலுள்ள நீர்தான் அடுத்த அறைக்கும், பின்னர் வெளியேயும் செல்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்கிருமிகள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. ஆனால் முழுவதையும் அவற்றால் தின்ன முடியாது. மிச்சம் ஏறிக்கொண்டே வரும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கசடு ஏறிவிட்டால் நீர் தெளிய இடமில்லை. நஜீஸ் அப்படியே வெளியேறி அண்டை வீட்டு வாசலிலுள்ள சாக்கடையில் ஓடும். நாம் உள்ளே சுத்தமாக ஒளூச் செய்து கொண்டிருப்போம்!

ஒளூச் செய்யும் நீர், கூரை மழைநீர் ஆகியவற்றைத் தொட்டிக்குள் விடலாகாது. நீர் வேகமாகப் பாய்ந்தால் படிந்த கசடும் கிளம்பி வெளியே போகும். பிள்ளைகளின் கழிவுத்துணி, ஈரத்தாள், துணிக்கந்தல் எதுவும் போடக்கூடாது. பினாயிலையும் குளோரினையும் தாராளமாக ஊற்றினால் வேலை செய்யும் கிருமிகளே சாகும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை உறிஞ்சி எடுப்பது நல்லது. 1994 முதல் தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் இண்டா வாட்டர் நிறுவனம் இப்பணியைச் செய்து வருகிறது. உரிமம் பெற்ற வேறு கம்பெனிகளும் உண்டு. மலிவாகச் செய்கிறேன் என்று உரிமமில்லாதவர் வந்தால், எடுத்ததை எங்கே கொட்டுவீர் என்று கேளுங்கள். ஆற்றில் கொட்டினால் நம் பணத்தில்தான் ஆறு கெடுகிறது. அடுப்படியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுகிறவர்கள் மூடியின்மேல் ஓடு பதித்துவிடுகிறார்கள். பிறகு லோரிக்காரர் வந்து நின்றால் தரையை உடைக்க வேண்டியிருக்கிறது.

இனி சொல்வதை வேலையாட்களுக்கும் பிள்ளைகளுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் மனிதர் இறங்கலாகாது. உள்ளே அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு இருக்கும். அது மிகுந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு இல்லையென்று எண்ணி இறங்குபவர் சில மூச்சிலேயே மயங்கி விழுவார். தூக்கிவிட இறங்கும் இரண்டாமவரும் விழுவார். மேலே நின்று தீயணைப்புப் படையை அழைப்பதே வழி. மூடிக்கருகில் நெருப்பும் கூடாது. அங்கே எரியும் வாயுவும் சேர்ந்திருக்கும். விரிசல் விட்ட மூடியை உடனே மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கடை வைத்திருப்போருக்கு ஒரு சொல். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது குளிர்ந்து கட்டியாகிக் குழாயை அடைக்கும். டின்னில் சேர்த்தால் வாங்கிக்கொள்ள ஆளுண்டு. கொழுப்புப் பிடிக்கும் பெட்டியை அடிக்கடி வழித்தெடுக்காவிட்டால், அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கலியாணம், கந்தூரி என்று வீட்டில் முந்நூறு பேர் கூடும் நாளில் சிறு தொட்டி தாங்காது. நடமாடும் கக்கூஸை வாடகைக்கு எடுப்பது உசிதம். பேசும்போதே இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீர்க் குழாயும் வாளியும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் காகிதம் மட்டுமே இருக்கும். பெண்களுக்குத் தனியாக, பந்தலுக்கும் அடுப்புக்கும் தள்ளி, சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். கழிவெடுக்கும் லோரியின் குழாய் அங்கே எட்டுமா என்பதையும் முதல்நாளே பார்த்துக்கொள்வது நலம்.