காடு எழுதிய தீக்கணக்கு

பாலாறு பேத்தமங்களா ஏரிக்கு நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மண்ணும் சருகும் கரித்துகளும் உடன்வந்து அடியில் படிகின்றன. மேலுள்ள படிவு அண்மைக்காலத்தது, கீழுள்ளது பழையது. தங்கவயலில் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்ததுபோல, ஆய்வாளர் ஏரியடியில் நீண்ட குழாயைச் செலுத்திப் படிவை எடுப்பர். கரித்துகள் மிகுந்த அடுக்கு, அக்காலத்தில் சுற்றுப்புறக் காடு எரிந்ததைக் காட்டும். தூர்வாரிய ஏரியில் இம்முறை பயன்படாது. பழைய அடுக்குகள் அகற்றப்பட்டிருக்கும்.

மரத்திலும் தீயின் சுவடு உண்டு. தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையம் இடும். தரைத்தீ அடிமரத்தின் பட்டையைச் சுட்டால் அவ்விடத்தில் வடு உண்டாகும். பின்வரும் ஆண்டுகளின் புதுமரம் அதனை மெல்ல மூடும். வெளிவளையத்திலிருந்து உள்நோக்கி எண்ணினால் தீப்பட்ட ஆண்டு தெரியும். ஒரு மரத்தில் 1950, 1958, 1970 ஆகிய ஆண்டுகளின் வடுக்கள் உள்ளன எனக் கொள்க. இடைவெளிகள் 8, 12. சராசரி 10 ஆண்டுகள். ஆயினும் ஒவ்வொரு தீயும் ஒவ்வொரு மரத்தையும் சுடுவதில்லை. ஆதலால் ஒரு மரத்தை மட்டும் நம்பாமல், பல மரங்களை ஒப்பிட்டே ஆய்வாளர் முடிவுக்கு வருவர்.

எழுத்துப் பதிவுகள் இருக்குமிடத்தில் கணக்கு இன்னும் தெளிவாகும். நீலகிரி மாவட்டத்து முதுமலையில் 1989 முதல் 2002 வரை எரிந்த பரப்புகளை ஆய்வாளர் வரைபடமாக்கி, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பதிவுகளுடன் ஒப்பிட்டனர். முன்பு ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை எரிந்த காடு, பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை எரிந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. பத்தாண்டு கிடைத்தால் இளமரத்தின் பட்டை தடித்துத் தீயைத் தாங்கும். மூன்றாண்டில் அது இயலாது. தண்டு கருகி, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். துளிர் வளருமுன் அடுத்த தீ வந்துவிடும். பெரிய மரங்கள் நிற்பதால் காடு நலமாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அவற்றின் இடத்தை நிரப்ப இளமரங்கள் இரா.

அருஞ்சொற்பொருள்
சுவடு – அடையாளம்
வடு – காயம் ஆறிய தழும்பு
தூர்வாருதல் – ஏரியில் படிந்த சேற்றை அகற்றுதல்

பயிற்சி
1. தூர்வாரிய ஏரியின் படிவைக் கொண்டு தீயின் காலத்தை அறிய இயலாதது ஏன்?
2. ஒரு தேக்கில் 1961, 1967, 1979, 1985 ஆகிய ஆண்டுகளின் வடுக்கள் உள்ளன. சராசரி இடைவெளியைக் கணக்கிடுக.
3. அக்காட்டில் 1972-இலும் தீ மூண்டதாக முதியவர் ஒருவர் கூறுகிறார். அம்மரத்தில் அதன் வடு இல்லை. அவர் கூற்று உண்மையாக இருக்கக்கூடுமா? காரணம் எழுதுக.