டக் டக் சத்தம் எங்கிருந்து வருகிறது?

தில்லை நகரில் ஒரு சைக்கிள் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். டியூஷன் முடித்து வரும் பையன் வண்டியை நிறுத்தி, "அண்ணே, மிதிச்சா டக் டக்னு சத்தம் வருது, செயின மாத்திருங்க" என்கிறான். ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஒரு கிராஸ் தெரு நீளத்துக்கு நீங்களே ஓட்டிப் பாருங்கள். செயினை மாற்றினால் பில் பெரிதாகும், சத்தம் போகாது. அந்தச் செய்தி கிராஸுக்குக் கிராஸ் பரவிவிடும்.

சத்தத்தை எண்ணுங்கள். பெடல் சுற்றுக்கு ஒரு முறை வந்தால் கோளாறு கிராங்க், பெடல், பி.பி. (பாட்டம் பிராக்கெட்) அச்சு, இந்த மூன்றில்தான். இரண்டேகால் சுற்றுக்கு ஒரு முறை என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயின் வீலுக்கு 44 பல், செயினுக்குச் சுமார் 100 கண்ணி, வகுத்துப் பாருங்கள். மிதிக்காமல் உருளும்போதும் கேட்டால் பின் சக்கரத்துக்குப் போங்கள்.

பழைய மாடல் வண்டியில் என் சந்தேகம் முதலில், கிராங்கை அச்சோடு பிடித்து நிறுத்தும் கோட்டர் பின் மேல்தான். இரண்டு பின்னும் எதிரெதிராக இறங்க வேண்டும். ஒரே திசையில் அடித்தால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது. கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னை இறக்கிய பிறகே நட்டைப் போடுங்கள். நட்டை முறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரைதான் போகும். சதுர அச்சில் ஏறும் அலுமினிய கிராங்குக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தேவை. ஆட்டத்தோடு ஓட்டினால் சதுரத் துளை தேய்ந்துவிடும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். இடது பெடலுக்கு எதிர் மரை. இதை மறந்து முழங்கையைப் பெயர்த்துக்கொள்ளாத கற்றுக்குட்டி கிடையாது!

செயின் அடிக்கடி கழல்கிறதா? வண்டிக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ப்ரீவீலும் செயின் வீலும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், யாரோ நீளம் கூடிய அச்சைப் போட்டிருப்பார்கள், அல்லது பின் சக்கரம் கோணலாக மாட்டியிருக்கும். தொய்வு நடுவில் அரை அங்குலம் போதும்; பெடலைச் சுற்றி, செயின் மிகவும் இறுகும் இடத்தில் பாருங்கள். 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. 'ஓவராயில்' செய்தாலும் திரும்பாது.

பையனின் வண்டியில் கோளாறு கோட்டர் பின்தான் என்றால், பின்னுக்கும் கூலிக்கும் மட்டும் காசு வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து நட்டை இறுக்க வரச் சொல்லுங்கள், இலவசமாக.