இயக்க அறிவியல்: புதிய ஆய்வு மாணவர்க்கு ஓர் அறிமுகம்

முன்னுரை

தமிழில் 'நடை' என்னும் சொல் காலால் நடப்பதையும் குறிக்கும். ஒருவர் எழுதும் முறையையும் குறிக்கும். அவர் ஒழுகும் முறையையும் குறிக்கும். ஒருவருடைய அசைவில் உடலமைப்பு மட்டுமன்றிப் பழக்கமும் நோக்கமும் சேர்ந்தே வெளிப்படுகின்றன என்னும் உணர்வு இச்சொல்லாட்சியில் அமைந்துள்ளது. மனித அசைவை முறைப்படி ஆராயும் இயக்க அறிவியலும் இவ்வுண்மையையே வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது.

இயற்பியல், விலங்கியல், கணிதம், உளவியல், உடற்கல்வி, பொறியியல், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றுள் ஒன்றில் பயின்றவர்கள் இத்துறையின் முதுகலை வகுப்புகளிலும் முனைவர் பட்ட ஆய்விலும் ஒன்றாக அமர்கின்றனர். பல துறையினர் கூடும் இடமாதலின், புதிதாகச் சேர்ந்த மாணவர் அருகிலிருப்பவர் பேசுவது விளங்காமல் மலைப்பது இயல்பு. அம்மலைப்பைக் குறைத்து, இத்துறையில் எதைக் கற்க வேண்டும், எதை மறவாதிருக்க வேண்டும் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறை வளர்ந்த வரலாறு

அறிவுத்துறைகள் தனித்தனியே பிரிந்து நின்றது பிற்காலத்து வழக்கமே. மருத்துவராகவும் மெய்யியலாளராகவும் விளங்கிய இப்னு சீனா (980-1037), தம் 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் மருத்துவப் பெருநூலின் முதற்பகுதியிலேயே எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் அமைப்பை விரித்துரைத்தார். இத்தாலிய அறிஞர் பொரெல்லி கணிதம் கற்றவர். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்தபின் 1680-81ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. எலும்புகளை நெம்புகோல்களாகக் கொண்டு கணக்கிட்ட அவர், கையில் ஏந்தும் சுமையைவிடப் பன்மடங்கு மிகுதியான விசையைத் தசை செலுத்த வேண்டியிருக்கிறது என்று காட்டினார். தசை மூட்டுக்கு மிக அருகிலும் சுமை வெகு தொலைவிலும் இருப்பதே இதற்குக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளிப்படக்கலை துணைக்கு வந்தது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு நீங்குவதை 1878இல் மைபிரிட்ஜ் தொடர்படங்களால் காட்டினார். பிரான்சு நாட்டு உடலியங்கியல் அறிஞர் மாரே, 1882இல் துப்பாக்கி வடிவிலமைந்த ஒளிப்படக் கருவியால் பறவைகளின் பறப்பைப் பதிவு செய்தார்.

புதிய மாணவர் சிறப்பாக அறியத்தக்கது லைப்சிக் நகரில் 1891இல் நடந்த ஆய்வு. பிரௌன் என்பவர் உடற்கூற்றியல் அறிஞர். ஃபிஷர் கணித அறிஞர். ஓர் ஆடவரின் உடலில் ஒளிரும் குழாய்களைப் பொருத்தி, இருளில் அவரை நடக்கச் செய்து, பல திசைகளிலிருந்து படமெடுத்தனர். படமெடுக்கும் வேலை ஓர் இரவில் முடிந்தது. அப்படங்களிலிருந்து மூட்டுகளின் இடத்தையும் விசைகளையும் கணக்கிடும் வேலையோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. அடுத்த ஆண்டே பிரௌன் மறைந்தார். ஃபிஷர் தனித்துத் தொடர்ந்து 1895 முதல் 1904 வரை முடிவுகளை வெளியிட்டார். இன்று கணிப்பொறி அவ்வேலையைச் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. ஆயினும் உடலை அறிந்தவரும் கணக்கை அறிந்தவரும் ஒரே வினாவின்முன் அமர்ந்த அந்த முறையே இத்துறையின் அடிப்படையாக நிலைத்துவிட்டது.

1964இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க்ளின் ஹென்றி, உடற்கல்வி என்பது விளையாட்டுப் பயிற்சி மட்டுமன்று. தனக்கெனப் பொருளுடைய கல்வித்துறை என வாதிட்டார். உயிர் விசையியலுக்கான பன்னாட்டுக் கழகம் 1973இல் தோன்றியது.

மூன்று வினாக்கள்

இத்துறையின் பாடங்கள் பலவாயினும் அவற்றை மூன்று வினாக்களில் அடக்கலாம். விசை எப்படிச் செயற்படுகிறது? ஆற்றல் எவ்வளவு செலவாகிறது? அசைவைக் கட்டுப்படுத்துவது எது?

முதல் வினா உயிர் விசையியலுக்கு உரியது. நாம் நடக்கும்போது ஒரு கால் ஓரடிச் சுற்றின் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நேரம் தரையில் ஊன்றியும் 40 விழுக்காட்டு நேரம் காற்றில் வீசியும் இருக்கிறது. ஊன்றிய காலை நோக்கித் தரை செலுத்தும் எதிர்விசை, இயல்பான நடையில் உடல் எடையைக் காட்டிலும் ஒரு பங்கு சற்றே கூடுதலாகிறது. ஓட்டத்தில் இரண்டு, மூன்று மடங்காகிறது.

இரண்டாம் வினா உடலியங்கியலுக்கு உரியது. நடக்கும் உடல், தலைகீழான ஊசல்போல ஊன்றிய காலின்மேல் உயர்ந்து தாழ்கிறது. உயரும்போது சேரும் ஆற்றல் தாழும்போது பயன்படுவதால் செலவு குறைகிறது. மிக மெதுவாக நடந்தாலும் மிக விரைந்து நடந்தாலும் ஒரே தொலைவுக்கு ஆகும் ஆற்றல் கூடுகிறது. பக்கவாதத்தால் நடை தளர்ந்தவர் சிறிது தொலைவிலேயே களைத்துப்போவது மனத்தளர்வால் மட்டுமன்று என்பதை இதனால் உணரலாம்.

மூன்றாம் வினா நரம்பியலுக்கும் உளவியலுக்கும் உரியது. ரஷ்ய அறிஞர் பெர்ன்ஸ்டைன் 1920-களில் மாஸ்கோவில் சம்மட்டி அடிக்கும் தொழிலாளரை ஆராய்ந்தார். கைதேர்ந்த தொழிலாளரின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சிறிது வேறுபட்ட வழியில் சென்றன. எனினும் சம்மட்டி இலக்கில் பொருந்தியது. திறமை என்பது ஒரே அசைவை அப்படியே திரும்பச் செய்வதன்று. ஒரே பயனை வெவ்வேறு வகையில் எய்துவதே திறமை என்பது அவர் கண்ட முடிபு.

இம்மூன்று வினாக்களும் ஒரு நோயாளியின் கையில் ஒன்றுசேர்ந்ததை வேலூர் கண்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை ஆராய்ந்தார். தசை நன்றாக இருந்த இடத்திலிருந்து தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தினார். இடம்மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்க இயன்முறைப் பயிற்சி தேவைப்பட்டது. வலியுணர்வை இழந்ததனாலேயே நோயாளர் தம்மை அறியாமல் கைகால்களைப் புண்படுத்திக்கொள்கின்றனர் என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். எனவே காலைக் காக்கும் காலணி செய்வோரும் மருத்துவத்தில் பங்காளராயினர். அறுவை மருத்துவர் தனித்து நின்றிருந்தால் இது கைகூடியிராது.

ஒரு சொல், பல பொருள்

புதிய மாணவர்க்கு முதலில் நேரும் இடர் சொல்லால் நேர்வதாகும். சுமையொன்றை அசையாமல் ஏந்தி நிற்பவர் எந்த 'வேலை'யும் செய்யவில்லை என்பார் இயற்பியலார், பொருள் நகரவில்லை. அவருடைய தசை ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது என்பார் உடலியங்கியலார். இருவர் கூற்றும் மெய்யே. 'சமநிலை' என்பது ஒருவர்க்கு விசைகளின் கூட்டுத்தொகை சுழியாதல். மற்றொருவர்க்கு முதியவர் விழாமல் நிற்றல். 'கற்றல்' என்பதிலும் இத்தகைய வேறுபாடுண்டு. பயிற்சி நேரத்தில் காணும் முன்னேற்றத்தைக் கற்றலாகக் கொள்ளாமல், சில நாள் கழித்தும் அது நிலைத்திருக்கிறதா என்று பார்த்தபின்னரே அதனைக் கற்றல் என ஏற்பது இத்துறையின் மரபு.

ஆதலின் பிறதுறை நண்பரிடம் "இச்சொல்லை நீங்கள் எப்பொருளில் ஆள்கிறீர்கள்?" என்று வினவக் கூச வேண்டுவதில்லை. தமிழ்த்துறையினர் இதில் உதவ முடியும். கலைச்சொல் ஆக்கும்போது எத்துறையின் பொருளைச் சொல் சுமக்கிறது என்று கேட்பது நமக்குப் பழகிய பணியே.

கருவிகளைக் கையாளுவதிலும் இவ்விழிப்பு வேண்டும். தோலின்மேல் ஒட்டிய குறிப்பான் எலும்போடு முற்றும் ஒத்து நகர்வதில்லை; தோலும் தசையும் தனியே அசைகின்றன. தசை மின்வரைவு, தசை இயங்கியதைக் காட்டுமேயன்றி அது செலுத்திய விசையை நேரே அளந்து தருவதன்று.

தொழுகை: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றை நமக்கு அணுக்கமான ஓர் அசைவில் வைத்துப் பார்ப்போம். நாள்தோறும் ஐவேளையிலும் நிறைவேற்ற வேண்டிய கடமையான தொழுகையில் 17 ரக்அத்துகள் உள்ளன. அவற்றில் 34 சுஜூதுகள் அமைகின்றன. ஒவ்வொரு தொழுகையின் இறுதி ரக்அத்தை நீக்கிக் கணக்கிட்டால், 12 முறை தரையிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். நடக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 60 பாகையே மடங்குகிறது. குதிகாலின்மேல் அமர 150 பாகை அளவுக்கு மடங்க வேண்டும். நன்றாக நடந்து பள்ளிவாசலுக்கு வரும் பெரியவர் இருப்பில் அமர முடியாமல் வருந்துவதன் காரணம் இதுவே.

அண்மைக் காலத்தில் பள்ளிவாசல்களில் நாற்காலிகள் பெருகியுள்ளன. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்னும் சலுகை மார்க்கத்தில் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்னும் தீர்ப்பு ஆலிம்களுக்கு உரியது. ஆயின் அப்பெரியவருக்கு இயலாதது எது என்பதைத் தெளிவாக அறிய இயக்க அறிவியல் உதவும். கீழே இறங்குவது கடினமா, மடங்கி இருப்பது கடினமா, எழுவது கடினமா? இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டும். இருப்பதற்கு மூட்டு மடங்கும் எல்லை போதியதாக வேண்டும். எழுவதற்கு இடுப்பின் வலிமையும் சமநிலையும் வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் பலருக்குப் பயிற்சியால் சீர்படலாம். மூட்டு தேய்ந்தவர்க்கு இரண்டாவது அவ்வளவு எளிதன்று. வெறுமனே 'முழங்கால் வலி' என்று சொல்லி நிறுத்தினால் இவ்வேறுபாடு தெரியாமற்போகும். ஒருவர் உண்மையில் எழ முடியாதவரா, விழுந்துவிடுவோமோ என அஞ்சுபவரா என்பதை உளவியல் அறிந்தவரே பிரித்துணர்வார்.

யாருடைய அசைவு?

எந்த அசைவை ஆராய்வது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அசைபவரின் வாழ்க்கை தீர்மானிக்க வேண்டும். ஜெய்ப்பூர்க் கால் இதற்குச் சிறந்த சான்று. மேலைநாட்டுச் செயற்கைக் கால் காலணியணிந்து நாற்காலியில் அமர்வோர்க்காக அமைந்தது. நம் நாட்டு உழவர்க்கோ வெறுங்காலுடன் ஈரநிலத்தில் நடக்கவும், குந்தவும், சம்மணமிட்டு அமரவும் வேண்டியிருந்தது. மிகுதியான பள்ளிப்படிப்பில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் 1968இல் ஜெய்ப்பூரில் ரப்பரைக்கொண்டு புதிய காலை உருவாக்கினர். சேத்தி 1981இல் மக்சேசே விருது பெற்றார். நோயாளர் எவ்வாறு வாழ்கிறார் என்று கேட்டதே அவர்களுடைய முதல் ஆய்வு எனலாம்.

இதே வினா ஆய்வில் பங்கேற்போர் பற்றியும் எழ வேண்டும். அசைவுப் பதிவுக்கு உடலோடு ஒட்டிய உடையும், உடலைத் தொட்டுக் குறிப்பான்களைப் பொருத்துவதும் தேவைப்படுகின்றன. நம் இல்லத்துப் பெண்கள், சிறப்பாக மூத்தோர், இதற்குத் தயங்குவர். அவர்களை விட்டுவிட்டு ஆய்வை முடித்தல் எளிது. அவ்வாறு முடித்தால் இயல்பான அளவு என்று அட்டவணையில் ஏறுவது அவர்களுடைய உடலாக இராது. பின்னர் அவர்கள் சிகிச்சைக்கு வரும்போது அந்த அட்டவணையே அவர்களுக்கும் அளவுகோலாகும். பெண் ஆய்வாளர், மறைவான அறை, தளர்ந்த உடையிலும் பதிவு செய்யத்தக்க முறை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். நம் மாணவியர் இத்துறைக்கு மிகுதியாகச் செல்ல வேண்டுமென நாம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பங்கேற்பவரின் விளக்கமறிந்த ஒப்புதலைப் பெறுவது 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிவிப்பும், 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளும் வலியுறுத்தும் கடமையாகும். ஒப்புதல் படிவம் அவர் அறிந்த மொழியில் இருந்தாலன்றி அது ஒப்புதலாகாது. நல்ல தமிழில் அதனை எழுதித் தருவது தமிழ் மாணவரும் ஆற்றத்தக்க தொண்டு.

மாணவர் கடைப்பிடிக்கத்தக்கவை

முதலாண்டில் தம் துறையை இன்னும் ஆழமாகக் கற்பதோடு, பிறதுறை ஒன்றன் அடிப்படைப் பாடத்தையேனும் முறையாகக் கற்க வேண்டும். இயற்பியல் பயின்றவர் உடற்கூற்றியலையும், இயன்முறை பயின்றவர் கணிதத்தையும் புள்ளியியலையும் தேர்ந்துகொள்ளலாம். கருவியைத் தொடுமுன் வினாவை ஒரே வாக்கியத்தில் தாய்மொழியில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வரவில்லையாயின் வினா இன்னும் தெளியவில்லை என்பது பொருள். பிறர் அளந்த தரவை முதலில் கணக்கிட்டுப் பழகுதல் நன்று. மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சில நாள் அமர்ந்து, அசைய வருந்துவோரைக் காண்பதும் பாடத்தின் பகுதியே.

முடிவுரை

இயக்க அறிவியல் பல துறைகள் கூடும் களம். விசை, ஆற்றல், கட்டுப்பாடு என்னும் மூன்று வினாக்களும் அசையும் மனிதர் ஒருவரிடமே வந்து முடிகின்றன. அவர் எதற்காக அசைய விரும்புகிறார் என்பதை அறிந்தபின் எடுக்கும் அளவே பயன் தரும். நம் பெரியவர்கள் தாம் விரும்பும் வண்ணம் தரையில் அமர்ந்து எழ நம் மாணவர்தம் கல்வி ஒருநாள் துணைசெய்யுமாயின் அதுவே அக்கல்வியின் பயனாகும். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக.