குறைவாக ஓடிய கார்

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜவ்வாது மலைக்கு ஏறிப் போகும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றிரண்டு, ஞாயிறு மாலை போளூர்ச் சாலையோரம் உன் பட்டறைப் பக்கம் நின்றுவிடுகின்றன என்று எழுதியிருந்தாய். முன்பக்க மூடியைத் திறந்தால் இன்ஜினுக்குப் பதில் பெட்டி வைக்கும் இடம் இருந்ததைக் கண்டு நீ விழித்ததும் கடிதத்தில் இருக்கிறது. டிப்ளமா படிக்கும் வயதில் அதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டியதில்லை. போர்ஷே 911இல் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும். அதே நிறுவனத்தின் பாக்ஸ்டரில் இருக்கைகளுக்குப் பின்னால். உன் கேள்விதான் முக்கியமானது: விலை கோடியைத் தொடும் வண்டி, கம்பெனி சர்வீஸ், மீட்டரில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை, இதில் என்ன கெட்டுப்போகும்?

அந்தப் பன்னிரண்டாயிரம்தான் முதல் துப்பு.

ஒரு வாடகை டாக்ஸி சில மாதங்களில் ஓடிவிடும் தூரத்தை இப்படிப்பட்ட கார் ஏழெட்டு வருஷத்தில் ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் பார்க்கும் உரிமையாளர் சர்வீஸுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றே நினைப்பார். ஆனால் ரப்பர், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி எல்லாம் காலண்டர்படி வயதாகிறவை. அசையாமல் நிற்கும் பொருள் பழுதாகாது என்று யாராவது சொன்னால் உங்கள் மலையிலேயே இருக்கும் காவலூருக்குக் கூட்டிக்கொண்டு போ. 725 மீட்டர் உயரத்தில், 1986இல் தொடங்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அது எங்கும் ஓடுவதில்லை. ஆனாலும் அதன் அலுமினியப் பூச்சு மங்கத்தான் செய்கிறது. கண்ணாடியைக் கழற்றி, வெற்றிடக் கலனில் வைத்துப் புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது.

காரில் இதை முதலில் டயரில் பார்க்கலாம். பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படி. 3216 என்றால் 2016ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரானது. பட்டன் புதிதாக இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் ஓடு போல இறுகியிருக்கும். ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ படங்களின் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் இறந்தது உனக்குத் தெரிந்திருக்கும். நண்பர் ஓட்டிய 2005ஆம் ஆண்டு போர்ஷே கரேரா ஜிடி அது. விசாரித்த அதிகாரிகள் இயந்திரக் கோளாறு எதையும் காணவில்லை. கண்டவை இரண்டு: அந்தச் சாலைக்கு மிக அதிகமான வேகம், ஒன்பது வயதான டயர்கள். வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். டயரின் வயதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இப்போது பிரேக். மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

1,500 கிலோ எடையுள்ள கார் 400 மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 59 லட்சம் ஜூல். இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இன்ஜின் பிடிமானத்தைப் பயன்படுத்தாமல், ஆட்டோமேட்டிக் கியரில் விட்டுவிட்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பெடலை மிதித்தே இறங்குகிறவர் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை நான்கு டிஸ்க்குக்குள் இறக்குகிறார். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற லாரி ஓட்டுநர்களின் விதி விலை உயர்ந்த காருக்கும் பொருந்தும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் இதழ்கள் இருக்கின்றனவே என்று கேட்டால், பாதிப் பேர் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருப்பது தெரியவரும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரகத்துக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் வெறும் 155. அதனால்தான் பல நிறுவனங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ஆயில் கேலிப்பருக்குள் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், திரவம் அமுங்காது.

ஆகவே வண்டிக்காரரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெடல் எப்படி இருந்தது? பஞ்சு போல அமுங்கி அடிவரை போயிற்று என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் போல நின்றது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் சரி, ஸ்டியரிங் உதறியது என்றால் டிஸ்க்கின் மேற்பரப்பைப் பார். மூன்றுக்கும் மருந்து வேறு. ‘பிரேக் பிடிக்கலை’ என்ற ஒரே வாக்கியத்தை நம்பி பேட் மாற்றிக் கொடுக்கிற பட்டறை, கொதித்த ஆயிலை அப்படியே உள்ளே விட்டு ஆளைத் திரும்ப அனுப்புகிறது. அரைமணி நேரம் ஆறியதும் பெடல் தானாகச் சரியாகிவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. கோளாறு போய்விட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்து, டிஸ்க் கோணிப்போகலாம், விரிசலும் விடலாம்.

பந்தய அணிகளையும் பிரேக் விட்டுவைப்பதில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித் குமார் ஓட்டிய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்றது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவருடைய அணி தெரிவித்தது. அவர் அந்தக் காரில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து விலகிக்கொள்ள, அணி பந்தயத்தில் கலந்துகொண்டு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் ஆட்கள் சோதிக்கும் வண்டியில் நடந்தது இது.

அடுத்தது சூடு. ஏறும்போது நேர்வது. இங்கே சூட்டைக் காட்டும் ஊசி எப்போது ஏறியது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும். மெதுவாக ஏறும்போது ஏறி, சமவெளியில் வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றோட்டத்தில் குறை, ஃபேனைப் பார். வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் போ. கூலன்ட் எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகையும் வந்தால், அது சாலையோரத்தில் தீர்க்கக்கூடியது அல்ல.

முதல் தலைமுறை பாக்ஸ்டரிலும் அதே காலத்து 996 ரக 911இலும் ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இடமும் வலமுமாக இருக்கும். அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டன்சர்கள். பம்பரின் வாய் தரையை ஒட்டித் திறந்திருப்பதால் சருகு, நூல், பாலித்தீன், செத்த பூச்சி எல்லாம் உள்ளே போகும். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் கண்டன்சரின் முகம் சுத்தமாகவே தெரியும். பம்பரைக் கழற்றி, கண்டன்சரை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே சருகும் மண்ணும் ஈரத்தில் இறுகி அடை போல நிற்கும். அது காற்றை மறிப்பதோடு அலுமினியத்தையும் அரிக்கும். கையால் அள்ளி எடுத்து, தண்ணீரை உள்ளிருந்து வெளியே பாய்ச்சு. அழுத்தம் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் இதழ்கள் மடங்கிவிடும். இதே கார்களில் ஃபேனின் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவதும் வழக்கம். உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடு; இரண்டு பக்க ஃபேனும் சுழல வேண்டும். செலவில்லாத சோதனை.

சருகு இன்னொரு வேலையும் செய்யும். மேற்கூரை மடங்கும் கார்களில் மழைநீர் இறங்க மெல்லிய குழாய்கள் உண்டு. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் அவை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே வழிந்து கம்பளத்தின் கீழ் தேங்கும். பழைய பாக்ஸ்டரில் திருட்டுத் தடுப்புக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கையின் கீழே, தரையோடு இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், விளக்கு கண்டபடி மின்னும். எலக்ட்ரீசியன் ஒயரிங்கைப் பிரித்துக்கொண்டிருப்பார். கம்பளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ஈரம் கையிலேயே சொல்லிவிடும்.

ஸ்கேனர் இருந்தால் இதெல்லாம் எதற்கு என்றும் கேட்டிருக்கிறாய். இந்தியாவில் 2013 முதல் கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயம் என்பதால் அதற்குப் பின் வந்த எந்த வண்டியிலும் செருகலாம்தான். ஆனால் அது அறிகுறியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மார்கழிப் பனியில் காலையில் மலைமேல் ஜமுனாமரத்தூரில் கிளம்பும்போது மட்டும் இன்ஜின் உதறி, பத்து மணிக்கு மேல் ஒழுங்காக ஓடுகிற கார் ஒன்றை எடுத்துக்கொள். ஸ்கேனர் பி0303 என்று காட்டுகிறது. மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? மூன்றையும் வாங்கிப் போடுகிறவர் மெக்கானிக் அல்ல, உதிரிபாகக் கடைக்கு நல்ல வாடிக்கையாளர். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதன் காயிலை மூன்றாவதில் போடு. குறியீடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில். அதன் பிளாஸ்டிக் உடலில் மயிரிழை விரிசல் தெரியும். ஈரத்தில் மின்சாரம் அதன் வழியே கசிகிறது, வெயில் ஏறிக் காய்ந்ததும் நின்றுவிடுகிறது. பனியோடு வந்து வெயிலோடு போனது என்ற தகவலை ஸ்கேனர் தராது, ஓட்டியவர்தான் தருவார். அவரைப் பேச விடு.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாதே. காகித மடிப்பை வெட்டி விரித்து, வெயிலில் சாய்த்துப் பார். மினுமினுப்பு இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. 1997 முதல் சில ஆண்டுகள் வந்த பாக்ஸ்டர், 996 இன்ஜின்களில் இடைத்தண்டின் பேரிங் உடைந்து இன்ஜினே வீணாவது பெயர்பெற்ற குறை. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான கார்களுக்காகக் கூட்டு வழக்கே நடந்து சமரசத்தில் முடிந்தது. மெக்கானிக் கண்ணில் அது முதலில் படுவது இந்த ஃபில்டர் மடிப்பில்தான்.

எல்லாப் பழியையும் உரிமையாளர் தலையில் கட்டவும் கூடாது. 2014இல் போர்ஷே தன் புதிய 911 ஜிடி3 கார்கள் 785ஐயும் ஓட்ட வேண்டாம் என்று நிறுத்தியது. ஐரோப்பாவில் இரண்டு கார்கள் தீப்பற்றியிருந்தன. கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்ததே காரணம் என்று கண்டறிந்து, அத்தனை கார்களுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. எந்தப் பராமரிப்பும் அதைத் தடுத்திருக்காது.

தளரும் திருகு என்றதும் கோவையின் பந்தயப் பட்டறைகள் நினைவுக்கு வருகின்றன. எஸ். கரிவரதன் அங்கே மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். விலை குறைந்த அந்தக் கார்களால் பல இளைஞர்களுக்குப் பந்தயம் எட்டியது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார், செட்டிப்பாளையம் பந்தயத்தளம் அவர் பெயரில் இருக்கிறது. பந்தயப் பட்டறைகளில் பழகும் ஒரு வழக்கத்தை நீயும் பிடித்துக்கொள்: டார்க் ரெஞ்சால் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. வீல் நட்டிலும் கேலிப்பரிலும் தொடங்கினாலே போதும்.

கடைசியாக, சரிசெய்ய முடியாத வண்டியைப் பற்றி. கொக்கியில் மாட்டித் தூக்கும் பழைய ரிக்கவரி வண்டியைக் கூப்பிட்டால் முன் உதடு முதலில் உடையும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால் கியர் பெட்டியும் போகும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான வண்டிதான் வேண்டும். அது வர நேரமாகும் என்று முன்பே சொல்லிவிடு. இழுவைக் கொக்கி டூல் கிட்டில் தனியாகக் கிடக்கும். பம்பரில் சிறிய மூடி ஒன்று இருக்கும், அதை நெம்பி எடுத்து, கொக்கியை முழுதாகத் திருகிய பிறகே வின்ச் கயிற்றை மாட்டச் சொல். ஏற்றுப்பலகையின் சரிவு செங்குத்தாக இருந்தால் சக்கரத்தின் முன்னால் இரண்டு மரப்பலகைகளைப் போடு. பலகைகள் எப்போதும் பட்டறையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்