மூன்று வகைப் பூவா, மூன்று நாள் பூவா? – இரங்கூன் மல்லியோடு ஓர் அறிவியல் பாடம்

மகரந்தச் சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டால் ஏழாம் வகுப்பு மாணவர் தயங்காமல் வரையறை சொல்லிவிடுவார். காற்று, நீர், பூச்சி என்று காரணிகளையும் வரிசையாக அடுக்குவார். "நேற்று நீ பார்த்த பூவுக்கு என்ன பூச்சி வந்தது?" என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். தேர்வில் அந்தக் கேள்வி வராது என்பதால் நாமும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மாணவருக்கு வரையறையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. அப்படிக் கேட்பதற்கு வாய்ப்பளிக்கும் ஒரு கொடியைப் பள்ளி வளாகத்தில் வளர்ப்பது பற்றியும், அதை வைத்துப் பாடம் நடத்துவது பற்றியும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இரங்கூன் மல்லி?

ஆங்கிலக் கதைகளிலும் பாடல்களிலும் 'ஹனிசக்கிள்' என்றொரு மணக்கொடி அடிக்கடி வரும். அது லோனிசெரா பேரினத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த இடங்களையே பெரிதும் விரும்பும். நம் மாநிலத்தில் அதன் உறவினத்தைப் பார்க்க நீலகிரி போன்ற மலைகளுக்குத்தான் போக வேண்டும். திருச்சி வெயிலுக்கு ஏற்றது, ஆங்கிலத்தில் சிலர் 'சீன ஹனிசக்கிள்' என்றே அழைக்கும் இரங்கூன் மல்லி. தாவரவியல்படி இரண்டுக்கும் உறவில்லை. ஆனாலும் பண்பில் ஒற்றுமை உண்டு: இரண்டும் மாலையில் மணம் வீசி அந்துப்பூச்சிகளை ஈர்ப்பவை, இரண்டிலும் பூ மலர்ந்த பின் நிறம் மாறும்.

இரங்கூன் மல்லியின் தாவரவியல் பெயர் காம்ப்ரீட்டம் இண்டிகம். 1762இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் குயிஸ்குவாலிஸ் இண்டிகா. இலத்தீனில் 'குயிஸ்' என்றால் யார், 'குவாலிஸ்' என்றால் எப்படிப்பட்டது. பெயரே ஒரு கேள்வி! பெயரில் மல்லி இருந்தாலும் இது மல்லிகைக் குடும்பம் அன்று. கடுக்காய், தான்றி, நீர்மருது, நாட்டு வாதுமை ஆகியவை இதன் குடும்பத்தினர்.

இடமும் நடவும்

திருவெள்ளறை என்ற ஊர்ப்பெயரில் 'அறை' என்பது பாறையைக் குறிக்கும். வெண்பாறை என்பதே பெயரின் பொருள். இப்படிப்பட்ட ஊர்களில் குழி தோண்டும் முன் கடப்பாரையால் குத்திப் பார்த்து, மண் ஆழம் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருந்தால் பூ மிகுதியாக வரும்.

விதை கிடைப்பது அரிது. அதனால் பதியன் போடுவதே எளிய வழி. தாய்க்கொடியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்கு அடியில் பட்டையைச் சிறிது சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் வேர் பிடித்ததும் வெட்டி எடுக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி நடவும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் நட்டால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

பெரும் சவால் கோடை விடுமுறை. இவ்வூரின் மார்பிடுகு பெருங்கிணறு, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டது. நான்கு திசையிலும் படிகளோடு சுவஸ்திக வடிவில் உள்ள அந்தக் கிணற்றைப் பார்த்தாலே இங்கே தண்ணீரின் அருமை புரியும். பள்ளி நாள்களில் மதிய உணவுக்குமுன் மாணவர் கை கழுவும் தண்ணீரைச் சிறு வாய்க்கால் வழியே கொடிக்குத் திருப்பிவிடலாம். விடுமுறைக்குமுன் கொடியின் அடியில் காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பி, வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பள்ளிக்கு அருகில் வசிப்பவர்களிடம் ஒப்படையுங்கள். நன்றாக வேரூன்றிய கொடி ஓரளவு வறட்சியைத் தாங்கும்.

இது கட்டைபிடித்துக் கனக்கும் கொடி. கயிறும் மூங்கிலும் சில ஆண்டுகளுக்குமேல் தாங்கா. இரும்புக் குழாயில் வளைவோ உறுதியான கம்பி வேலியோ தேவை. ஓட்டுக்கூரை, மின்கம்பி பக்கம் ஏற விடாதீர்கள். புதுத் தளிர்களில்தான் பூக்கும் என்பதால், பூப்பு ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட்டால் அடுத்த பருவத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

நூல் கட்டும் பாடம்

பூத்த கொடியில் ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று மூன்று நிறப் பூக்கள் இருக்கும். மாணவர்களைக் கொடியருகே அழைத்துச் சென்று, "இதில் எத்தனை வகைப் பூக்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று என்பார்கள் பலர். ஒரே பூ நிறம் மாறுகிறது என்பார் ஒருவர். இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டிய கடினமான வேலை இதுதான்: மூன்று நாள்களுக்கு விடையைச் சொல்லாமல் இருப்பது.

திங்கள் பிற்பகல், மலரும் நிலையில் நுனி பருத்த மொட்டு ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, காம்பில் தங்கள் குழுவின் நிற நூலைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். நன்கு சிவந்த பூ ஒன்றிலும் ஒரு நூல் கட்டுங்கள். நிறம் மாறுகிறது என்றால் வெள்ளை சிவப்பாகிறதா, சிவப்பு வெள்ளையாகிறதா என்பதும் தெரிய வேண்டுமல்லவா? அடுத்த மூன்று நாள்களும் காலை, மதியம், பள்ளி விடும் நேரம் என மூன்று வேளை பார்த்து நான்கு செய்திகளைக் குறிக்க வேண்டும்: பூவின் நிறம், பூ பார்க்கும் திசை, மணத்தின் அளவு, வந்த உயிரினம்.

மொட்டு அந்தி வேளையில் வெள்ளையாக மலரும். மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் சிவந்துவிடும். நிமிர்ந்து நின்ற பூ மெல்லத் தொங்கும். ஆந்தோசயனின் என்னும் நிறமி இதழ்களில் பெருகுவதே நிறமாற்றத்துக்குக் காரணம். இந்தப் பெயரை நான்காம் நாள் சொன்னால் போதும். அதற்குள் அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

வகுப்புக்கு ஏற்ப

4, 5ஆம் வகுப்பினர் மூன்று நாள்களும் பூவைப் படம் வரைந்து வண்ணம் தீட்டலாம். ஒரு கொத்தில் ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை பூ என்று எண்ணிப் பட்டை வரைபடம் போடலாம்.

6ஆம் வகுப்பினர் கொடி ஏறும் விதத்தை ஒப்பிடலாம். அவரை பின்னி ஏறுகிறது. பாகல் பற்றுக்கம்பியால் ஏறுகிறது. வெற்றிலை பற்றுவேரால் ஏறுகிறது. இரங்கூன் மல்லியில் இவை எதுவும் இல்லை. இலை உதிர்ந்தபின் தங்கிவிடும் காம்பின் அடிப்பகுதி முள்போல் கெட்டிப்பட்டு, கொடிக்குக் கொக்கியாகிறது. தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கட்டும்.

7 முதல் 10ஆம் வகுப்பு வரை பூக்குழலின் நீளத்தை அளவுகோலால் அளந்து சராசரி காணலாம். பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரும். தேனீயின் நாக்கு ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. அப்படியானால் அடியிலுள்ள தேன் யாருக்கு? பறந்தபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டிக் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சிகளுக்கு. இரவில் வெள்ளை நிறமும் மணமும் அவற்றுக்கு வழிகாட்டும். பகலில் பூ நிறம் மாறித் தொங்கும்போது தேனீயும் தேன்சிட்டும் வருகின்றன. நிறமும் திசையும் மாறுவது வெவ்வேறு விருந்தாளிகளைப் பெறும் உத்தியாக இருக்கலாம் என்று 1987இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நம் கொடியிலும் அப்படித்தானா என்பதை மாணவர்களின் குறிப்பேடு சொல்லட்டும்.

பூச்சி வந்து போனதால்தான் நிறம் மாறுகிறது என்று ஒரு மாணவர் சொன்னால் மறுக்க வேண்டாம். ஒரு கொத்தை மொட்டிலேயே கொசுவலைத் துணியால் மூடிக் கட்டி, திறந்த கொத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுச் சோதனை என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

பெற்றோர் கேட்கும் கேள்வி

"மணத்துக்குப் பாம்பு வரும்" என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பாம்பு பூ மணத்தைத் தேடி வருவதில்லை. எலி, தவளை, பல்லி போன்ற இரையையும் மறைவிடத்தையும் தேடியே வரும். கொடியின் அடியில் இரண்டடிக்குப் புதரோ கல் குவியலோ இல்லாமல் துப்புரவாக வைத்தால் அச்சம் குறையும். இதையே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களை விளக்கச் சொல்லலாம். அந்தி வேளைக் கவனிப்புக்கு மாணவர்களைத் தனியே அனுப்ப வேண்டாம். அருகில் குடியிருப்பவர்கள் பெற்றோர் துணையோடு, கைவிளக்குடன் அரை மணி நேரம் பார்த்தால் போதும்.

சீன மருத்துவத்தில் இதன் விதை குடற்புழுவுக்குப் பயன்படுகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் விக்கலும் வாந்தியும் வரும். எனவே எந்தப் பகுதியையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடற்புழுவுக்குப் பள்ளியில் தரும் மாத்திரை இருக்கிறது.

மதிப்பீடு

மூன்று கேள்விகள் போதும். உன் குழுவின் பூ எந்த நாளில் எந்த நிறத்தில் இருந்தது? அதற்கு வந்த உயிரினங்கள் எவை? முதல் நாள் நீ சொன்ன விடையை இப்போது மாற்றுவாயா, எந்தச் சான்றைக் கொண்டு? மூன்றாவது கேள்விக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

10ஆம் வகுப்புக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. இத்தனை பூக்கும் கொடி நம் தோட்டங்களில் ஏன் அரிதாகவே காய்க்கிறது? ஒரே தாய்க்கொடியின் பதியன்களையே எல்லாரும் நட்டிருந்தால் அவற்றுக்கிடையே நடப்பது அயல் மகரந்தச் சேர்க்கை ஆகுமா? வேறு ஊர்ப் பள்ளி ஒன்றின் கொடியிலிருந்து பூக்களைக் கொண்டுவந்து, மென்தூரிகையால் மகரந்தத்தை நம் பூவின் சூலகமுடியில் தடவி, நூல் கட்டி வைத்துக் காத்திருக்கலாம். பதிலுக்கு நம் பள்ளியிலிருந்து ஒரு பதியனை அவர்களுக்குக் கொடுத்தனுப்பலாம்.