உறையின் பின்புறத்தையும் படிப்போம்

“சமையலில் உப்பைக் குறைத்துவிட்டோம், ஆயினும் இரத்த அழுத்தம் குறையவில்லையே” என்று நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் கேட்பதுண்டு. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று நாம் கடையில் வாங்கும் பொட்டலங்களில் மறைந்திருக்கிறது.

பதப்படுத்துதல் யாவும் தீதா?

அன்று. நெல்லைக் குத்துவதும், பாலைத் தயிராக்குவதும், அரிசியையும் உளுந்தையும் அரைத்துப் புளிக்க வைப்பதும் பதப்படுத்துதலே. இவற்றில் உணவு தன் இயல்பை இழப்பதில்லை. அவித்த மக்காச்சோளக் கதிர் இவ்வகையைச் சேர்ந்தது. அதே சோளத்தின் மாவுடன் எண்ணெய், உப்பு, சுவையூட்டி, நிறமி ஆகியவற்றைச் சேர்த்துப் பொரித்த நொறுக்குத் தீனியோ ‘மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு’ ஆகும். பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மாண்டீரோ 2009ஆம் ஆண்டில் இப்பாகுபாட்டை முன்வைத்தார்.

ஆய்வு காட்டியது என்ன?

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் நடைபெற்று 2019இல் வெளியான ஆய்வொன்றில் 20 பேர் கலந்துகொண்டனர். இரண்டு வாரங்கள் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரங்கள் குறைவாகப் பதப்படுத்திய உணவும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, சோடியம், நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. விரும்பிய அளவு உண்ணலாம். முதல்வகை உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். எடையும் சராசரியாக 0.9 கிலோ கூடியது. மற்ற வகையின்போது அதே அளவு எடை குறைந்தது. ஆய்வு சிறியதே, எனினும் இவ்வுணவு நம்மை அறியாமலே மிகுதியாக உண்ணச் செய்யக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

உறையைப் படிக்கும் முறை

1. சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகியவை இருப்பின் அப்பொருளின் தன்மை விளங்கிவிடும்.

2. சர்க்கரை பல பெயர்களில் வரும்: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப். மால்டோடெக்ஸ்ட்ரினும் இரத்தச் சர்க்கரையை விரைவில் உயர்த்தும்.

3. சோடியத்தின் அளவு மில்லிகிராமில் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் ஏறத்தாழ 1 கிராம் உப்புக்குச் சமம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

ஆங்கில எழுத்துகளைப் படிக்க இயலாதோர் வீட்டுப் பிள்ளைகளின் துணையை நாடலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

மாலைநேர பிஸ்கட்டுக்கு மாற்றாகச் சுண்டல் அல்லது அவித்த நிலக்கடலை. குளிர்பானத்துக்கு மாற்றாக உப்புக் குறைந்த மோர். பழச்சாற்றுப் பெட்டிக்கு மாற்றாக ஒரு கொய்யா. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை நம் மரபுணவுகளே எனினும் அவற்றில் உப்பு மிகுதி என்பதை மறத்தலாகாது.

எச்சரிக்கை

இயற்கை உணவு யாவும் எல்லார்க்கும் ஏற்றதன்று. சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர், வாழைப்பழம், பயறு ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் தீங்கு விளைவிக்கக்கூடும். ‘சோடியம் குறைந்த உப்பு’ எனப்படுவதிலும் பொட்டாசியம் சேர்க்கப்படுவதால், மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தற்க. இன்சுலின் அல்லது சர்க்கரை நோய் மாத்திரை எடுத்துக்கொள்வோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். மாற்றத்துக்கு முன் எங்களிடம் தெரிவியுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச்சீட்டுடன் வீட்டில் அடிக்கடி வாங்கும் பொட்டலங்களின் வெற்று உறைகளையும் எடுத்து வாருங்கள். எவற்றைத் தொடரலாம், எவற்றைத் தவிர்க்கலாம் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.